தைப்பூசக் கூட்டத்தை விளம்பரத்தில் காட்ட யாரிடம் அனுமதி பெறுவது?

ஜார்ஜ்டவுன் ஒளிப்பதிவாளர்: வணக்கம். துணிக்கடை ஒன்றுக்கு விளம்பரக் காணொளி எடுக்கிறோம். மலேசியாவின் பினாங்கில், லெபோ பினாங்கு சாலையிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வெள்ளி இரதம் போகும் நாளில் கூட்டத்தைப் படமாக்க வேண்டும். பொதுச் சாலைதானே, யாரையும் கேட்க வேண்டாம் என்கிறார் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

பட்டர்வொர்த் வழக்கறிஞர்: தம்பி, உங்கள் தயக்கம் நியாயமானது. பொது இடத்தில் படம் எடுப்பது ஒன்று, அந்த முகத்தைக் காட்டிச் சேலை விற்பது வேறு. அடையாளம் தெரியும் முகமும் தனிநபர் தரவுதான். வணிகப் பயன்பாடு என்றால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். செய்தி, கலைப் படைப்பு ஆகியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. துணிக்கடை விளம்பரத்துக்காக அந்த விலக்கை நம்பாதீர்கள். தூரத்திலிருந்து தலைகளும் தோள்களுமாகத் தெரியும் காட்சியில் சிக்கல் குறைவு. ஒருவரை நெருங்கி எடுத்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். நம் மக்களுக்காகத் தமிழிலும் எழுதி வையுங்கள்.

தண்ணீர்ப்பந்தல் தொண்டர்: சட்டத்துக்கு அப்பால் ஒன்று சொல்கிறேன். அலகு குத்தியவர், அருள் வந்து ஆடுபவர், முடியிறக்கிய குழந்தையுடன் நிற்கும் தாய், இவர்களை விளம்பரத்தில் போடாதீர்கள். நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள் அவர்கள். அருளில் இருப்பவரிடம் எப்படிச் சம்மதம் கேட்பீர்கள்?

ஒளிப்பதிவாளர்: அவர்களைத் தொடமாட்டேன், அண்ணா. சிறுவர்களுக்கு? மேலிருந்து ட்ரோன் காட்சியும் கேட்கிறார்கள்.

வழக்கறிஞர்: பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். உங்கள் நிறுவனத்துக்குப் பினாஸ் (மலேசியத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். படத் தயாரிப்புக்கு உரிமம் வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டுச் சட்டம். சாலையில் விளக்கு, கருவிகளை நிறுத்துவதற்கு மாநகர் மன்றத்திடமும், கோவில் வளாகத்துக்கு நிர்வாகத்திடமும் தனித்தனியாகக் கடிதம் கொடுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஒளிப்பதிவாளர்: சம்மதம் தந்தவர் பிறகு வேண்டாம் என்றால்?

வழக்கறிஞர்: எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. ஆகவே நெருக்கக் காட்சி ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைத்து, சம்மதப் படிவத்திலும் அதே எண்ணை எழுதுங்கள். விளம்பரம் வெளியான பிறகும் அந்த ஒரு காட்சியை எடுத்துவிட்டு மாற்றிக் கொடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கிறார் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.