தட்டைப் பூமி ஆட்களிடம் வாதாடிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

பெரம்பூர்வாசி

எங்கள் பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் இருக்கிறான். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன், வேலையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பீஸைத் தூக்கிப் போட்டுவிடுவான். அவன்தான் லாக்டவுன் சமயத்தில் பூமி தட்டை என்று வீடியோவாக அனுப்ப ஆரம்பித்தான். குழுவே அவன்மேல் பாய்ந்தது. ஒருத்தர் நாசா படம் போட்டார், இன்னொருத்தர் எட்டாம் கிளாஸ் புத்தகத்தை ஒழுங்காகப் படிடா என்றார். நாசாவே பொய் சொல்கிறது என்பவனிடம் நாசா படத்தை நீட்டி என்ன பயன்? "சரி, படம், புத்தகம் எல்லாத்தையும் விட்டுட்டு, பூமி உருண்டைன்னு உனக்கு எப்படித் தெரியும்னு சொல்லு" என்று அவன் திருப்பிக் கேட்டதும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என்னைக் கேட்டால் அது நியாயமான கேள்விதான், கிண்டல் செய்தவர்களில் பாதிப் பேரிடம் பதில் இல்லை.

நான் துருவ நட்சத்திரத்தை எடுத்தேன். சென்னையில் அது வடக்கு அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 13 டிகிரி உயரத்தில் நிற்கும், நம் அட்சரேகையும் அதே 13. டெல்லியில் 28 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அவன் மச்சான் டெல்லியில் இருக்கிறார், ஒரு பாகைமானி, நூலில் கட்டிய ஒரு நட்டு, மொட்டைமாடி, அவ்வளவுதான் வேண்டும், யாரையும் நம்பத் தேவையில்லை. இப்போது பூமி தட்டை என்றே வைத்துக்கொண்டு நீயே கணக்குப் போடு என்றேன். வட துருவத்திலிருந்து சென்னை சுமார் 8,550 கிலோமீட்டர், கோணம் 13, அப்படியானால் நட்சத்திரம் துருவத்துக்கு மேலே 1,970 கிலோமீட்டரில் தொங்க வேண்டும். டெல்லி சுமார் 6,800 கிலோமீட்டர், கோணம் 28.6, அந்தக் கணக்கில் உயரம் 3,700 வருகிறது. ஒரே நட்சத்திரம் டெல்லிக்காரனுக்கு ஒரு உயரம், நமக்கு ஒரு உயரமா?

கொஞ்ச நாள் சத்தமே இல்லை. அப்புறம் வந்தான், மேலே குவிமாடம் இருக்கிறது, அதில் பட்டு வெளிச்சம் வளைகிறது என்றான். எவ்வளவு வளைகிறது என்று கேட்டேன். "தேவையான அளவு" என்றான். அவன் பட்டறையில் யாராவது இந்த அளவைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பான்.

இன்னொன்று, இரண்டு ஊர் நிழல்களின் வித்தியாசத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸின் கதையை மட்டும் தனியாகக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு ஊர் நிழலை வைத்துக்கொண்டால், தட்டைப் பூமிக்கு மேலே பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் என்றும் கணக்கு பொருந்திவிடும், இது அவர்களுக்கும் தெரியும். மூன்றாவது ஊர் வந்தால்தான் மாட்டுவார்கள்.

காசிமேட்டுக்காரி

என் மாமா பையனுக்கு ஜூம் கேமரா பைத்தியம். கண்ணுக்கு மறைந்த கப்பலை ஜூம் பண்ணினால் திரும்ப வருகிறது, ஆகவே வளைவே இல்லை என்பது அவன் கட்சி. தூரத்தில் புள்ளியாகிப்போன கப்பல் ஜூமில் வரத்தான் செய்யும், அடிவானத்துக்குக் கீழே இறங்கிய அடிப்பாகம் வராது, எத்தனை சொன்னாலும் ஏறவில்லை. சரி வா என்று மெரினாவுக்கே கூட்டிப்போனேன், என் அப்பாவும் கூட வந்தார். மணலில் நின்றால் அடிவானம் சுமார் நாலரை கிலோமீட்டர்தான். கலங்கரை விளக்கத்தின் உச்சி ஏறக்குறைய 45 மீட்டர், அங்கிருந்து 24 கிலோமீட்டர் வரை போகும். மணலில் நின்று முழு ஜூமில் பார்த்தபோது ஒரு சரக்குக் கப்பலின் மேல்தட்டும் கிரேனும் மட்டும் தெரிந்தன. லிஃப்டில் ஏறி மேலே போய்ப் பார்த்தால் அதே கப்பலின் சிவப்பு அடிப்பாகம் வரை தெரிகிறது.

உயரத்தில் தடை குறைவு, அதனால் தெரிகிறது என்றான். அப்பா விசைப்படகில் வருஷக்கணக்காகப் போகிறவர், கரை திரும்பும்போது முதலில் கட்டடங்களின் தலைதான் தெரியும், மணலும் படகும் கடைசியில்தான் வரும் என்று சின்ன வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: "டேய், நடுவுல தண்ணியத் தவிர வேற என்னடா தடை இருக்கு?" அவன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

பரங்கிமலைப் பக்கம்

எனக்கு வாய்த்தவர் வாக்கிங் வருகிற ஒரு சார். அவரிடம் நம் மலையையே காட்டினேன். லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் 1802 ஏப்ரலில் இந்த மலையடிவாரத்திலிருந்துதான் தெற்கே 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்க ஆரம்பித்தார். நிலப்படம் போடுவது மட்டும் நோக்கமில்லை, அட்சரேகையில் ஒரு டிகிரிக்குத் தரையில் எத்தனை நீளம் என்று அளந்து பூமியின் வடிவத்தையே கண்டுபிடிப்பதும் அவருடைய வேலையாக இருந்தது. சார் சிரித்தார், வெள்ளைக்காரன் அளந்ததை நம்பச் சொல்றீங்களா என்றார். அதற்குமேல் என்ன பேச.

2024 டிசம்பரில் தட்டைப் பூமிக்காரர்களில் சிலரை அண்டார்டிகாவுக்கே கூட்டிப்போனார்கள், தட்டைப் பூமிக் கணக்கில் அங்கே வரவே முடியாத, நாள் முழுக்க மறையாத சூரியனை நேரில் பார்த்து ஒருத்தர் ஒப்புக்கொண்டார். அவர் விலைபோய்விட்டார் என்று சொந்தக் கூட்டமே திட்டியது.

பெரம்பூர்வாசி, உங்கள் நண்பரிடம் பந்தயம் மட்டும் கட்டிவிடாதீர்கள். 1870இல் இங்கிலாந்தில் இயற்கை அறிவியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், ஹாம்ப்டன் என்ற தட்டைப் பூமிக்காரரிடம் 500 பவுண்டு கட்டி, கால்வாயில் ஒரே உயரத்தில் குறிகள் வைத்து, நடுக்குறி மேலே தெரிவதைக் காட்டி ஜெயித்தார். அந்த ஆள் ஒத்துக்கொள்ளவே இல்லை, வாலஸின் மனைவிக்கு மிரட்டல் கடிதம் எழுதி ஜெயிலுக்கும் போனார். கடைசியில் பந்தயமே செல்லாது என்று தீர்ப்பாகி, வாலஸ் ஜெயித்த பணமும் கைவிட்டுப் போனது, வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது.