அடாப்டரோட 3.3 பின் போதுமா? (ஐஆர் பெட்டிக்கு, அதாவது வைஃபை வழியா டிவி, ஏசிய இயக்கற ரிமோட் பெட்டிக்கு, டாஸ்மோட்டாங்கற இலவச ஃபார்ம்வேரை ஏத்தறது)

தண்டையார்பேட்டை சால்டர்:
"யூஎஸ்பி டிடிஎல் அடாப்டர்ல இருக்கற 3.3 பின்னே போதும், தனி சப்ளை வாங்கறதெல்லாம் வெட்டிச் செலவு"ன்னு வியாசை வயர் நேத்து ஐஆர் திரியில எழுதிட்டுப் போயிருக்காரு. (கம்ப்யூட்டரைச் சிப்போட இணைக்கற சின்ன போர்டுதான் அந்த அடாப்டர், 3.3ங்கறது அந்தப் பின் தர்ற வோல்ட்.) அதைப் படிச்சுட்டு இன்னிக்கு ரெண்டு பேரு, ஃபார்ம்வேர் ஏறிடுச்சு ஆனா வைஃபை பேரே வரலன்னு கேக்கறாங்க. வராது. எஃப்டி232ஆர்எல்ங்கற அடாப்டர் சிப்போட 3.3 பின் தர்றது 50 மில்லி ஆம்பியர். சிபி2102ல 100. பெட்டிக்குள்ள இருக்கற வைஃபை சிப் ஈஎஸ்பி8266, ரேடியோ அனுப்பறப்ப 170 இழுக்கும்னு டேட்டாஷீட்லயே போட்டிருக்கு, எழும்பற நொடியில 300ஐத் தாண்டி ஒரு துடிப்பு வரும். 100 தர்ற இடத்துல 300 எங்கேருந்து வரும்? வோல்டேஜ் படுத்துக்கும், சிப் ரீசெட் ஆகும், மறுபடி எழும்பும், மறுபடி படுக்கும். ஜனங்க ஃபார்ம்வேர் மேல பழியைப் போட்டுட்டு வேற பைல் தேடிட்டு இருப்பாங்க.

வியாசை வயர்:
அண்ணே, நான் எழுதினதை முழுசாப் படிச்சீங்களா? அந்தத் திரியே ஃப்ளாஷ் பண்றதை, அதாவது சிப்புல ஃபார்ம்வேர் எழுதறதைப் பத்தினது. ஜிபிஐஓ 0ங்கற சிப்போட காலை கிரவுண்டுல வெச்சு பவர் குடுத்தா சிப் பூட்லோடர்ல, அதாவது ஃபார்ம்வேர் வாங்கத் தயாரா நிக்கும், ரேடியோ முழிக்காது. சுமாரா 70, 80 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். சிபி2102 தாங்கும். எழுதி முடிச்சதும் அடாப்டரைக் கழட்டிட்டு பெட்டியோட சொந்த மைக்ரோ யூஎஸ்பில கேபிள் குத்தினா, உள்ள இருக்கற ரெகுலேட்டர் பார்த்துக்கும். 300 எங்க வருது இதுல?

தண்டையார்பேட்டை சால்டர்:
"எழுதறதுக்கு மட்டும்"னு எந்த வரியில இருக்கு? காட்டுங்க. "போதும்"னு மொட்டையாப் போட்டா, புதுசா வர்றவன் ஒயரை எடுக்காம அப்படியே ஆன் பண்ணிப் பார்ப்பான். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பாங்க, ஏன்னா ஒயரை எடுத்துட்டு அப்புறம் வேலை செய்யலன்னா மறுபடி சால்டர் வைக்கணும்.

காசிமேடு கரண்ட்:
ரெண்டு பேரும் இன்னா இப்டி அடிச்சிக்கறீங்க. ஒரு 3.7 வோல்ட் லித்தியம் செல்லு, ஒரு ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரு. முடிஞ்சுது மேட்டரு.

தண்டையார்பேட்டை சால்டர்:
முடியல, இப்பத்தான் ஆரம்பிக்குது. ஏஎம்எஸ்1117ல லோடு ஏறினா 1 வோல்ட்டுக்கு மேல அதுவே தின்னுடும். 3.7 குடுத்தா 2.6, 2.7தான் வெளிய வரும். அதுக்கு 5 வோல்ட் உள்ள போகணும். பழைய போன் சார்ஜர் ஒண்ணு, அதுல ஏஎம்எஸ்1117-3.3, வெளிப்பக்கம் 22 மைக்ரோஃபாரட் டான்டலம் கெப்பாசிட்டர், பெட்டிக்கிட்ட 3.3க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 470 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் ஒண்ணு, கூட 0.1 மைக்ரோஃபாரட் ஒண்ணு. அடாப்டர்லருந்து டிஎக்ஸ் (அனுப்பற பின்), ஆர்எக்ஸ் (வாங்கற பின்), கிரவுண்டு மூணு ஒயரு மட்டும். கிரவுண்டு ரெண்டுக்கும் பொதுவா இருக்கணும், இல்லன்னா ஒரு எழுத்து கூடப் போகாது.

வியாசை வயர்:
எண்பது மில்லி ஆம்பியருக்கு இவ்ளோ கூட்டணி. ரிச்சி ஸ்ட்ரீட்ல பாதிக் கடையை வாங்கச் சொல்லுவீங்க போல.

பெரம்பூர் பழைய ரேடியோ:
ஐயா, 3.3 பின் விவகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். சிஎச்340 சிப் வைத்த அடாப்டர் போர்டுகளில் ஜம்பரை 3.3இல் வைத்தும் டிஎக்ஸ் பின்னில் 5 வோல்ட் வருகிற போர்டுகள் உண்டு. ஒயர் இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரை டிஎக்ஸில் வைத்துப் பாருங்கள். சிப்புக்கு 3.6க்கு மேல் போகக் கூடாது. அதைச் சொல்லாமல் இருவரும் மில்லி ஆம்பியர் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

தண்டையார்பேட்டை சால்டர்:
சார் சொல்றது கரெக்ட்டு. ஆனா வியாசை தன்னோட பதிவுல எந்த அடாப்டர்னே சொல்லலியே. சிஎச்340ஜி போர்டுல சில பேரு 3.3 பின்னை அந்தச் சிப்போட வி3 காலிலேருந்தே இழுத்து விட்டிருப்பான். அது சிப் தன் தேவைக்கு வெச்சிருக்கறது. அதுல எண்பதும் கிடையாது. அப்ப எழுதறதுக்கே போதாது. "பாக்கெட் ஹெட்டர் டைம்அவுட்"னு எர்ரர் வந்து நிக்கும்.

வியாசை வயர்:
டிஎக்ஸ் ஆர்எக்ஸ் மாத்திக் குடுத்தாலும் அதே டைம்அவுட்தான் வரும். ஜிபிஐஓ 0 கிரவுண்டுல சரியா ஒட்டலன்னாலும் அதேதான். எல்லாத்துக்கும் 3.3 பின்னையே குத்தம் சொல்லாதீங்க. போன தடவை சோனி டிவி ரிமோட் சிக்னலுக்கு 38 கிலோஹெர்ட்ஸ்னு அடம் புடிச்சதும் நீங்கதான். சோனி 40.

தண்டையார்பேட்டை சால்டர்:
38 ரிசீவர் 40ஐயும் கேக்கும், தூரம்தான் குறையும்னு சொன்னேன். இப்பவும் அதையே சொல்றேன். பிலிப்ஸோட ஆர்சி5 ரிமோட் முறை 36, அதையும் கேக்கும். அதை இங்க இழுத்துட்டு வந்தா 100 மில்லி ஆம்பியர் 300 ஆயிடாது.

கொருக்குப்பேட்டை கேபிள்:
அண்ணே, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஏற்கெனவே டாஸ்மோட்டா ஓடுது. புது வெர்ஷனுக்கு மாத்தணும். வோல்டாஸ் ஏசிக்கு கமாண்ட் குடுத்தா எடுக்க மாட்டேங்குது. இதுக்கும் ஒயர் வைக்கணுமா?

தண்டையார்பேட்டை சால்டர்:
வேணாம் தம்பி, வைஃபைலயே பண்ணலாம். உன்கிட்ட இருக்கறது சாதா டாஸ்மோட்டாவா இருக்கும். அதுல என்ஈசி, ஆர்சி5, ஆர்சி6 மாதிரி ரிமோட் முறை கொஞ்சம்தான். ஏசிக்கு டாஸ்மோட்டா-ஐஆர் பைல் வேணும், அதுல வோல்டாஸ் இருக்கு. முதல்ல கான்ஃபிகரேஷன் பக்கத்துல காப்பு எடு, டிஎம்பி பைல் ஒண்ணு இறங்கும். 1 எம்பி ஃப்ளாஷ்ல பழசும் புதுசும் ஒண்ணா நிக்க இடம் பத்தாது. அதனால மினிமல்ங்கற சின்ன டாஸ்மோட்டா பைலை ஏத்து, அது எழும்பி வந்ததும் ஐஆர் பைலை ஏத்து. மினிமல்ல இருக்கறப்ப எந்த செட்டிங்கையும் தொடாத, நடுவுல பவரைப் புடுங்காத. அப்புறம் ஐஆர்ஹெச்விஏசி கமாண்ட்ல வெண்டார் வோல்டாஸ், பவர் ஆன், மோட் கூல், டெம்ப் 24ன்னு ஒரே வரியில குடு. ஏசி ரிமோட்டு டிவி ரிமோட்டு மாதிரி ஒரு பட்டனுக்கு ஒரு கோடு அனுப்பறதில்ல, ஒவ்வொரு தடவையும் முழு நிலைமையையும் அனுப்பும். தனித்தனியா குடுத்தா எடுக்காது.

காசிமேடு கரண்ட்:
தம்பி, கூடவே செட்ஆப்ஷன்65ஐ 1ன்னு போட்டுக்கோ. நம்ம ஏரியால சாயங்காலம் கரண்ட் வந்து வந்து போவும். சட்டு சட்டுன்னு ஆறு தடவை பவர் போய் ஏழாவது தடவை வந்தா டாஸ்மோட்டா எல்லா செட்டிங்கையும் அழிச்சிட்டு புதுசாட்டம் நிக்கும். அந்த ஆப்ஷனை 1 ஆக்கினா அழிக்காது. இன்னொண்ணு, கடலோரம்னா பின்னுல ஒயரை சும்மா சொருகி வெச்சு ஃப்ளாஷ் பண்ணாத. உப்புக் காத்துல ஹெட்டர் பச்சை புடிச்சிருக்கும், எழுதறப்ப நடுவுல விட்டுடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைச்சிட்டு சால்டர் வை.

வியாசை வயர்:
65ஐ 1 ஆக்கச் சொல்லாதீங்க கரண்ட் அண்ணே. வைஃபை பாஸ்வேர்டு தப்பாப் போட்டு மாட்டிக்கிட்டா பட்டன் இல்லாத பெட்டியில அப்புறம் வெளியிலேருந்து ரீசெட் பண்ண வழியில்ல. பெட்டியைத் தொறந்து மறுபடி ஒயர்தான்.

காசிமேடு கரண்ட்:
பாஸ்வேர்டு தப்பாப் போடறவன் தப்பு அது. மாசத்துக்கு நாலு தடவை எல்லா கோடும் அழியறதுக்கு இது தேவலாம்.

வியாசை வயர்:
ஒரு யூபிஎஸ் வைக்கறதுக்கு என்ன?

காசிமேடு கரண்ட்:
தனி சப்ளையே வெட்டிச் செலவுன்ன ஆளு யூபிஎஸ் வாங்கச் சொல்றாரு பாரு.

தண்டையார்பேட்டை சால்டர்:
அதான் நானும் கேக்கறேன். சரி, புதுசா ஏத்தறவங்களுக்கு முறையைச் சொல்லிடறேன், அப்புறம் யாரும் வந்து வைஃபை வரலன்னு அழ வேணாம். பெட்டியோட யூஎஸ்பியைக் கழட்டிட்டுத்தான் 3.3 குடுக்கணும், ரெண்டும் ஒண்ணா இருந்தா ரெகுலேட்டருக்குப் பின்பக்கமா கரண்ட் ஏறும். ஜிபிஐஓ 0வை கிரவுண்டுல வெச்சு பவர். ஈஎஸ்பிடூல்ங்கற எழுதற புரோகிராம்ல 115200 வேகம். முதல்ல பழைய ஃபார்ம்வேர் 1 எம்பியையும் படிச்சு வெச்சுக்கோங்க, ஒன்றரை நிமிஷம் ஆகும். அப்புறம் பவரை எடுத்து, 0 கிரவுண்டுலயே இருக்க, மறுபடி குடுங்க. ஒவ்வொரு வேலைக்கும் நடுவுல இது உண்டு, இதை விட்டாலும் அதே டைம்அவுட்தான். அப்புறம் முழு அழிப்பு. மறுபடி பவர். அப்புறம் எழுத்து. உள்ள ஈஎஸ்பி8285 சிப் இருந்தா ஃப்ளாஷ் மோட் டிஅவுட்னு குடுங்க, இல்லன்னா எழுதினதும் எழும்பாது. கடைசியா 0வை கிரவுண்டுலேருந்து எடுத்து பவர். போன்ல டாஸ்மோட்டான்னு ஆரம்பிக்கற வைஃபை பேரு வரும், அதுல சேர்ந்து பிரவுசர்ல 192.168.4.1 போங்க. இந்தக் கடைசி வேலை அடாப்டர் 3.3 பின்னுல நடக்காது.

வியாசை வயர்:
கடைசி வேலையை நான் அடாப்டர்ல பண்ணச் சொல்லவே இல்ல. அதுக்கு முன்னாடி நீங்க சொன்ன அத்தனையும் அந்தப் பின்னுலயே நடக்கும். நீங்களே எழுதிட்டீங்க.

பெரம்பூர் பழைய ரேடியோ:
மன்றத்தில் பழைய பதிவைத் திருத்தும் வசதி இருக்கிறது. "எழுத மட்டும்" என்று இரண்டு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

வியாசை வயர்:
அவரு "காசுக்கு வேட்டு வைக்காதீங்க"ன்னு என் பழைய எல்லா பதிவுக்கும் கீழ போட்டதை எடுக்கட்டும், நானும் சேர்க்கறேன்.

தண்டையார்பேட்டை சால்டர்:
எடுக்க மாட்டேன். 100 மில்லி ஆம்பியர், 100தான்.

கொருக்குப்பேட்டை கேபிள்:
அண்ணே, இன்னொரு புதுப் பெட்டி தொறந்தேன். ஈஎஸ்பி இல்ல, சிபி3எஸ்னு போட்டிருக்கு. டாஸ்மோட்டா ஏறுமா?

காசிமேடு கரண்ட்:
ஏறாது. அது பிகே7231என்ங்கற வேற சிப்பு. ஓபன்பீகன்ங்கற வேற ஃபார்ம்வேர்தான் ஏத்தணும். அதுல ஜிபிஐஓ 0 கதையே கெடயாது, டிஎக்ஸ்1, ஆர்எக்ஸ்1ல ஒயரு, எழுதற புரோகிராம் காத்துட்டு இருக்கறப்ப சிஇஎன்ங்கற ரீசெட் பின்னை ஒரு நொடி கிரவுண்டுல தொட்டு எடு.

கொருக்குப்பேட்டை கேபிள்:
அதுக்கு 3.3 அடாப்டர்லருந்து குடுக்கலாமா?

வியாசை வயர்:
எழுதறதுக்குத் தாராளமா.

தண்டையார்பேட்டை சால்டர்:
குடுக்காத தம்பி. அதுவும் வைஃபை சிப்புதான். ஏஎம்எஸ்1117ஐ வை, 470ஐ பின்னுக்கு ஒட்டினாப்ல வை. நீளமா ஒயர் விட்டு வெச்சா அதுவும் பிரயோஜனமில்ல.