12 நாள் நின்ன வண்டி: செல்ஃப் போட்டா டிக் டிக் மட்டும்தான், கிக்கரும் இல்லை. எப்படி ஸ்டார்ட் பண்றது?

கேட்டவர்:
வணக்கம். 150 சிசி, பிஎஸ்6, எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கிற) வண்டி. கிக்கர் கிடையாது. 12 நாள் பார்க்கிங்ல நின்னுது. சாவி போட்டா மீட்டர் மங்கலா வருது. செல்ஃப் அமுக்கினா டிக்டிக்டிக்னு வேகமா சத்தம் வந்து மீட்டர் அணைஞ்சு திரும்ப முதல்லேர்ந்து எரியுது. பேட்டரி 12 வோல்ட், 5 ஏஎச் (ஆம்பியர் மணி), மெயின்டனன்ஸ் ஃப்ரீ, வாங்கி இரண்டரை வருஷம். ரெண்டாவது கியர்ல தள்ளிப் பார்த்தாச்சு, பிடிக்கல. மல்டிமீட்டர் இருக்கு, ஜம்பர் கேபிள் இல்லை. நாளைக்குக் காலைல வண்டி வேணும்.

பழைய கார்புரேட்டர்:
ரெண்டு பேரை வச்சு நல்லா வேகமாத் தள்ளச் சொல்லுங்க தலைவா. வராத வண்டியே கிடையாது.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
அது கார்புரேட்டர் வண்டிக்குச் சரி. அதுலயும் ஏசி சிடிஐ (பேட்டரியை நம்பாத இக்னிஷன் யூனிட்) இருந்தாத்தான் பேட்டரி செத்தாலும் மேக்னெட் காயில்லேர்ந்தே, அதாவது என்ஜின் சுத்தும்போது கரண்ட் தர்ற காயில்லேர்ந்தே, ஸ்பார்க் வரும். எஃப்ஐல பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இசியு (என்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) மூணுக்கும் முதல்ல பேட்டரி உயிர் கொடுக்கணும். அதனால தள்ளுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை: கில் சுவிட்சை ரன்ல வச்சு சாவி போடுங்க, சீட்டுக்கிட்ட காதை வைங்க. டேங்குக்குள்ள ரெண்டு மூணு செகண்ட் "ஸ்ஸ்ஸ்"னு பம்ப் ஓடி நிக்கணும். ஓடினா தள்ளலாம். சத்தமே இல்லைன்னா, முனகிட்டு நின்னாலும் சரி, பத்துப் பேர் தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

வேகமான டிக்டிக் வோல்டேஜ் பத்தலைங்கிறதுக்கு அடையாளம். ரிலே ஒட்டும், ஒட்டின உடனே மோட்டார் கரண்ட்டை இழுக்கும், வோல்டேஜ் விழும், ரிலே விடும், திரும்ப ஒட்டும். லைட் பளிச்னு எரியும்போது ஒரே ஒரு "டக்" மட்டும் வந்தா ரிலே கான்டாக்ட் அல்லது செல்ஃப் மோட்டார் கார்பன் பக்கம் போகணும். சத்தமே இல்லைன்னா கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஃபியூஸ். உங்களுக்கு முதல் வகை.

பேட்டரி டெர்மினல்லயே மீட்டரை வச்சு ரெண்டு அளவு சொல்லுங்க: சாவி ஆஃப், சாவி ஆன்.

கேட்டவர்:
ஆஃப்ல 11.6. ஆன்ல 10.2, இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கு. பம்ப் முனகிட்டு நிக்குது.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
நல்ல பேட்டரி ஓய்வா இருக்கும்போது 12.7, 12.8 காட்டும். 12.0 வந்தாலே கால்வாசிதான் மிச்சம். 11.6னா கிட்டத்தட்ட காலி. செல்ஃபைத் திரும்பத் திரும்ப அமுக்காதீங்க, இருக்கிற கொஞ்சமும் போயிடும். தள்ளுறதையும் நிறுத்துங்க. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ள புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும்.

இன்னொரு 12 வோல்ட் வண்டியோட பேட்டரிலேர்ந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுங்க. பைக்கோ காரோ எதுவும் ஆகலாம். கார்னா அதோட என்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும், இந்தச் சின்ன மோட்டாருக்கு கார் பேட்டரி தாராளம். பெரிய லாரி, பஸ் பக்கம் போகாதீங்க, அது 24 வோல்ட்.

மாட்டுற வரிசை முக்கியம். சிவப்பை முதல்ல உங்க பாசிட்டிவ்ல, அடுத்த முனையை நல்ல பேட்டரி பாசிட்டிவ்ல. கறுப்பை நல்ல பேட்டரி நெகட்டிவ்ல, அதோட மறுமுனையை உங்க என்ஜின்ல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்ல. கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும். சார்ஜ் ஆகிற பேட்டரி ஹைட்ரஜன் விடும், அதனாலதான் அந்தப் பொறியை பேட்டரியை விட்டுத் தள்ளி வைக்கிறோம். ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டு 5 செகண்டுக்கு மேல போகாம செல்ஃப் போடுங்க. பிடிச்சதும் தலைகீழ் வரிசையில கழட்டுங்க. ரெண்டு கிளிப் ஒண்ணோட ஒண்ணு உரசக்கூடாது.

பழைய கார்புரேட்டர்:
கேபிள் இல்லைங்கிறாரே. வீட்டு வயரிங் 1.5 ஸ்கொயர் வயர் போதாதா?

மஞ்சள் மூணு வயர்:
போதாது. செல்ஃப் மோட்டார் இழுக்கிறது பல பத்து ஆம்பியர். 1.5 ஸ்கொயர்ல கணிசமான வோல்டேஜ் வயர்லயே தங்கிடும், இன்சுலேஷன் இளகி கையைச் சுடும். கார் வச்சிருக்கிற பக்கத்து வீட்டுல ஜம்பர் கேபிள் கேளுங்க, அனேகமா டிக்கில கிடக்கும்.

கிடைக்கலைன்னா பேட்டரியைக் கழட்டி ராத்திரி முழுக்க சார்ஜ் போடுங்க. 5 ஏஎச்சுக்கு அரை ஆம்பியர், அதாவது பத்துல ஒரு பங்கு, 10லேர்ந்து 12 மணி நேரம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கான சார்ஜரையோ 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரையோ நேரா மாட்டாதீங்க. சின்ன பேட்டரி வெந்து உப்பிடும். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. அப்போதான் பாசிட்டிவ்ல ஸ்பேனர் இருக்கும்போது சேசிஸ்ல பட்டாலும் ஷார்ட் ஆகாது. டெர்மினல்ல வெள்ளைப் பொடி இருந்தா வெந்நீர்ல ஆப்ப சோடா கலந்து பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லா உலர்த்தி மாட்டுங்க, மேல கொஞ்சம் வாசலின்.

ஒரு விஷயம் யாரும் செய்யாதீங்க: ஜம்ப்ல ஸ்டார்ட் ஆனதும் என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழட்டி "ஆல்டர்னேட்டர் டெஸ்ட்" பண்றது. பேட்டரி இல்லாம ரெகுலேட்டர் வோல்டேஜ் எகிறும், இசியு போனா செலவு பேட்டரி விலையோட நிக்காது.

கேட்டவர்:
கேபிள் கிடைச்சுது. ரெண்டாவது தடவை செல்ஃப்லயே பிடிச்சிடுச்சு, நன்றி. இப்போ ஐடில்ல ஓடுது. அரை மணி நேரம் இப்படியே விட்டா சார்ஜ் ஏறிடுமா?

மஞ்சள் மூணு வயர்:
ஐடில்ல வேலைக்காகாது. 2017 ஏப்ரல்லேர்ந்து வர்ற வண்டிகள்ல ஹெட்லைட் அணையாது. ஐடில்ல வர்ற கரண்ட்டை அதுவும் பம்பும்தான் தின்னும். ரோட்டுல எடுத்து 3000 ஆர்பிஎம்முக்கு மேல வச்சு முக்கால் மணி நேரம் ஓட்டுங்க. அதுவும் நாளைக்கு ஒரு ஸ்டார்ட்டுக்கான சார்ஜ்தான், முழுசா ரொம்பாது. முழுசா ரொம்ப சார்ஜர் வேணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி மீட்டரை டெர்மினல்ல வச்சு 4000 ஆர்பிஎம்ல பாருங்க. 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் இருந்தா சார்ஜிங் சரி. 13ஐத் தாண்டலைன்னா மேக்னெட் காயில் அல்லது ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்). 15க்கு மேல போனா ஆர்ஆர் யூனிட்தான், அப்படியே ஓட்டினா புது பேட்டரியும் வெந்துடும். மேக்னெட் காயில்லேர்ந்து மூணு மஞ்சள் வயர் வர்ற வண்டின்னா, என்ஜினை நிறுத்தி கப்ளரைக் கழட்டி ரெண்டு ரெண்டா ஓம் பாருங்க. மூணு ஜோடியும் ஒரே மாதிரி, ஒரு ஓமுக்குள்ள இருக்கணும். எந்த வயரும் என்ஜின் பாடியோட தொடர்பு காட்டக்கூடாது, காட்டினா காயில் எரிஞ்சிருக்கு.

கேட்டவர்:
4000ல 14.1. அப்புறம் ஏன் இறங்குச்சு? ரெண்டு மாசம் முன்னாடி ஜிபிஎஸ் டிராக்கர் ஒண்ணு மாட்டினது, வேற எதுவும் மாத்தல.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! சாவியை எடுத்துட்டு, நெகட்டிவ் வயரைக் கழட்டி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் குழியில மாத்தி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவுல சேருங்க. அப்போ தப்பித் தவறிக்கூட செல்ஃபைத் தொடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும். கடிகாரம் இருக்கிற வண்டில ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பியர் சாதாரணம்.

கேட்டவர்:
15 மில்லி ஆம்பியர். டிராக்கர் ஃபியூஸை எடுத்தா 1.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
கணக்குப் பாருங்க: 0.015 ஆம்பியர், 288 மணி நேரம், 4.3 ஏஎச். உங்க பேட்டரியே 5. நிறுத்திட்டு ஊருக்குப் போனா அந்த ஃபியூஸை எடுத்துடுங்க. டிராக்கருக்குள்ள சின்ன பேட்டரி இருந்தா கொஞ்ச நாள் அதுலயே ஓடும். டிராக்கர் நிக்கவே கூடாதுன்னா வாரம் ஒரு ராத்திரி சார்ஜர்.

இன்னைக்கு ராத்திரி முழு சார்ஜ் போட்டு, எடுத்து 12 மணி நேரம் சும்மா வச்சு அளவு பாருங்க. 12.6க்கு மேல இருந்து, செல்ஃப் அமுக்கும்போது 10க்குக் கீழ போகலைன்னா பேட்டரி தப்பிச்சுது. 12.4கூட நிக்கலைன்னாலோ செல்ஃப்ல 9க்குக் கீழ விழுந்தாலோ உள்ள தகடு சல்ஃபேட் பிடிச்சாச்சு, மாத்திடுங்க. 10.5லயே நிக்குதுன்னா ஆறு செல்லுல ஒண்ணு செத்துப் போச்சு, சார்ஜ் போட்டும் பிரயோஜனமில்லை.

கேட்டவர்:
12 மணி நேரம் கழிச்சு 12.62. செல்ஃப்ல 10.3 வரைக்கும் இறங்கி ஏறுது.

மஞ்சள் மூணு வயர்:
ஓடும். இரண்டரை வருஷப் பேட்டரி ஒருதடவை இப்படி அடிவரைக்கும் இறங்கினா பழைய தெம்பு இருக்காது, மழைக்கால முடிவுல திரும்ப அளந்து பாருங்க. ஜம்பர் கேபிளும் ஒண்ணு வாங்கி வீட்டுல போடுங்க.