முயல்கொம்பு கூர்மையா, இல்லையா?

கணக்கன்: "இல்லாத பொருளைப் பற்றி எதைச் சொன்னாலும் பொய்" என்று பக்கத்து இழையில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார், கைதட்ட ஆளும் இருக்கிறது. "எல்லா முயல்கொம்பும் கூர்மையானது." இது மெய். மறுப்பவர்கள் கூர்மையில்லாத ஒரு முயல்கொம்பைக் கொண்டுவரட்டும்.

தர்க்கப்பித்தன்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். இல்லாத கொம்பு எப்படி ஐயா கூராக இருக்கும்?

கணக்கன்: இருக்கிறது என்று யார் சொன்னது? முயல்கொம்பு என்று ஒன்று இருந்தால் அது கூராக இருக்கும், அவ்வளவுதான். வெற்றுப் பட்டியலைக் கொடுத்து 'எல்லாம் சரியா?' என்று பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கேளுங்கள். 'ட்ரூ', அதாவது மெய் என்றுதான் சொல்லும்.

தர்க்கப்பித்தன்: பைத்தான் சொன்னால் வேதவாக்கா? அரிஸ்டாட்டில் வழியில் 'எல்லாம்' மெய்யென்றால் 'சில'வும் மெய். அப்படியானால் சில முயல்கொம்புகள் கூர்மையானவை. எங்கே, ஒன்றைக் காட்டுங்கள்!

கணக்கன்: 'எல்லாம்' மெய் என்பதாலேயே 'சில'வும் மெய் ஆகிவிடாது. அந்தக் கதவை பூல், வென் என்ற தர்க்கவியலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாத்திவிட்டார்கள். செய்தி உங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

தர்க்கப்பித்தன்: "பிரான்சின் இன்றைய அரசர் வழுக்கை" என்பதை 1905-இல் தத்துவஞானி ரஸ்ஸல் பொய் என்றார். ஆள் இல்லை, அதனால் பொய். கொம்பு இல்லை, அதனால் பொய்.

கணக்கன்: அது தனி ஒருவரைச் சுட்டும் வாக்கியம். 'எல்லா' என்று வந்தால் ரஸ்ஸல் என் கட்சி.

நிழல்: 1950-இல் ஸ்ட்ராசன் என்ற தத்துவஞானி மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை என்றாரே? அரசரே இல்லாதபோது மெய்யா பொய்யா என்ற கேள்வியே எழாது என்றார்.

தர்க்கப்பித்தன்: எழாத கேள்விக்கா இத்தனை பதிவு? கொம்பைக் காட்டச் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி: மணிமேகலையின் 29-ஆம் காதையைப் பாருங்கள். ஆகாயம் ஒரு பொருளே அல்ல என்பவனிடம் போய் ஆகாயத்தை வைத்து வாதிட்டால் அது ஏதுவின், அதாவது வாதத்துக்குக் காட்டும் காரணத்தின், குற்றம்.

தர்க்கப்பித்தன்: பார்த்தீர்களா! நம் முன்னோர் என் பக்கம்.

பழஞ்சுவடி: வாதம் செல்லாது என்றுதான் இருக்கிறது. வாக்கியம் பொய் என்று எங்கே இருக்கிறது? என்னை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள்.

நிழல்: சரி, புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே வல்கன் என்றொரு கோள் இருப்பதாக 1859-இல் வானியலாளர் லெவெரியே சொன்னார். அப்படி ஒன்று இல்லை. இப்போது "வல்கன் இல்லை" என்றால் அதுவும் பொய்யா, தர்க்கப்பித்தன்? உங்கள் விதிப்படி கேட்கிறேன்.

தர்க்கப்பித்தன்: அது வேறு வகை. கோளை விடுங்கள், கொம்புக்கு வாருங்கள். கொம்பு எங்கே?

நிழல்: தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். உங்கள் முயலுக்குக் கொம்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

தர்க்கப்பித்தன்: கிண்டல்தான் விடையா? பூஜ்யம் இரட்டைப்படை எண்ணா என்ற இழையிலும் இப்படித்தான் இருவரும் சேர்ந்துகொண்டு வந்தீர்கள்.

கணக்கன்: அதில் பாதியில் காணாமல் போனது யார்?

தர்க்கப்பித்தன்: நான் போகவில்லை. மட்டுறுத்துநர் இழையைப் பூட்டினார்.

கணக்கன்: பூட்டும்படி புகார் கொடுத்தது யாராம்?

தர்க்கப்பித்தன்: ஆதாரம் இருக்கிறதா? முதலில் அதைக் காட்டுங்கள்.