உரைநூல்களில் வரும் ‘லெம்மா’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய புத்தகப் பட்டியல் ஒன்றுக்கு விவரக்குறிப்பு எழுதி வருகிறோம். நூல், பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் வரலாற்றுக்கு ஏ. டபிள்யூ. கோம் தொடங்கிய விரிவுரை. ஐந்து தொகுதிகள், ஆக்ஸ்போர்டு, 1945–1981. மூலம் இதில் அச்சிடப்படவில்லை. 1.22.4 என்பதுபோல் புத்தகம், அதிகாரம், பிரிவு எண்கள், அடுத்து மூலத்தின் சில கிரேக்கச் சொற்கள், பிறகு உரை. அந்தச் சொற்களுக்குத்தான் லெம்மா என்று பெயர். கணிதத்தில் வழங்கும் ‘துணைத்தேற்றம்’ இங்கே பொருந்தாது. ‘தலைச்சொல்’ போதுமா?

---

> ‘தலைச்சொல்’ போதுமா?

போதாது ஐயா. அகராதியின் தலைச்சொல் விகுதி களைந்த வடிவம். ‘வந்தான்’ என்பதை ‘வா’ என்பதன்கீழ்தான் தேடுவோம். உரையில் வரும் லெம்மாவோ வேற்றுமையும் காலமும் மாறாமல் மூலத்தில் நின்றபடியே நிற்கும். 1.22.4இல் ‘க்தேமா தே எஸ் அயெய்’ (என்றைக்குமான உடைமை) முழுவதும் ஒரே லெம்மா ஆகலாம்.

நம் பதிப்புகளில் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’ உண்டு. ஆனால் முதற்குறிப்பு பாட்டின் தொடக்கத்தை மட்டுமே சுட்டும். லெம்மா வாக்கியத்தின் நடுவிலிருந்தும் வரும்.

‘எடுசொல்’ என்று வைக்கலாம். ‘எடுகோள்’ போன்ற வினைத்தொகை. ‘எடு, கொள்’ என்னும் பொருளுள்ள ‘லம்பானெயின்’ என்ற கிரேக்க வினையிலிருந்துதான் லெம்மாவும் பிறந்தது.

---

எடுசொல் நன்றாக இருக்கிறது அம்மா. ஒரு தயக்கம்: நீண்ட வாக்கியத்தின் முதற்சொல்லையும் கடைசிச் சொல்லையும் தந்து நடுவில் மூன்று புள்ளி வைப்பதும் லெம்மாதான். ‘எடுதொடர்’ இதற்குப் பொருந்தாதா?

---

பொருந்தும். ஆனால் ஒற்றைச் சொல்லாய் வரும் இடங்களில் ‘தொடர்’ இடறும். பொதுப்பெயர் எடுசொல்லாகவே இருக்கட்டும். நீளத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் மட்டும் எடுதொடர் என்போம்.

வரையறையில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: எடுசொல் என்பது உரைகாரர் கண்ட பாடம், அதாவது அவர் கையிலிருந்த படியில் நின்ற சொல்வடிவம். கையெழுத்துப் படிகளின் ஓரக்குறிப்புகளில், பக்கத்தில் உள்ள மூலம் ஒரு பாடமும் எடுசொல் வேறொரு பாடமும் காட்டுவதுண்டு. சில வேளை பழைய பாடம் எடுசொல்லில்தான் தங்கியிருக்கும். பின்னால் படியெடுத்தவர்கள் மூலத்துக்கு இணங்க அதைத் திருத்தியும் விடுவார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. பதிப்பிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அந்தச் சான்று அழிந்துபோகும். ‘குறிப்புத் தலைப்பு’ என்ற சொல்லை நான் ஏற்காததும் இதனால்தான்: தலைப்பைப் பதிப்பாசிரியர் மாற்றலாம், எடுசொல்லில் கைவைக்கக் கூடாது.

பட்டியலுக்கு இப்படி எழுதலாம்:

‘எடுசொற்கள் கிரேக்கத்தில், மூலம் சேர்க்கப்படவில்லை, தனியே வேண்டும். மூன்றாம் தொகுதி 5.24 வரை, நான்காவது 5.25 முதல் ஏழாம் புத்தகம் முடிய. ஐந்தாவது எட்டாம் புத்தகத்துக்கு.’

ஐந்தாம் புத்தகம் இரண்டு தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. உதிரியாக வாங்குபவர் மூன்றாவதை மட்டும் எடுத்துச் சென்றால் ஏதென்ஸ் தூதர்களும் மேலோஸ் தீவினரும் வாதிடும் மேலோஸ் உரையாடலுக்கு (5.84–116) உரை கிடைக்காது. அந்த எண்களை விட்டுவிடாதீர்கள்.