டிக்ரியை இருவரும் சம்மதித்து ரத்து செய்ய முடியுமா? அவசரம்

தெற்குவீதி:
வணக்கம். கடன் வழக்கில் என் மேல் டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) ஆகிவிட்டது. பேசி முடித்துப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அவரும் "எனக்கு ஆட்சேபணை இல்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். இருவரும் சேர்ந்து மனு போட்டால் ரத்து செய்துவிடுவார்கள்தானே? மாதிரி மனு இருந்தால் போடுங்கள். வீட்டுக்கடனுக்கு பேங்க் வக்கீல் கேட்கிறார், அடுத்த வாரத்துக்குள் வேண்டும்.

கொங்குச்செல்வி:
எக்ஸ்பார்ட்டியா (நீங்கள் ஆஜராகாமல் ஆன தீர்ப்பா), வழக்கு நடந்து ஆன தீர்ப்பா? டிக்ரி என்றைக்கு? இ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டிருக்கிறாரா? இதெல்லாம் சொல்லாமல் என்ன மனு எழுதுவது?

சும்மா_வந்தவன்:
லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) போங்கள். என் மாமாவுக்கு ஒரே நாளில் முடிந்தது, கோர்ட் கட்டணமும் திரும்பி வந்தது.

வாய்தா_வாத்தியார்:
உங்கள் மாமா வழக்கு நடக்கும்போதே போயிருப்பார். இது டிக்ரிக்குப் பிறகு. வித்தியாசம் தெரியாமல் ஆலோசனை சொல்ல வேண்டாம்.

கேட்டவருக்கு: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், பழைய பதில்களைத் தேடிப் படிக்கும் வழக்கம் மட்டும் யாருக்கும் இல்லை. ரத்து என்பது சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13. எக்ஸ்பார்ட்டி டிக்ரிக்கு மட்டும்தான். சம்மன் முறையாகச் சேரவில்லை என்று காட்ட வேண்டும், அல்லது ஆஜராக முடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். "நாங்கள் ராசியாகிவிட்டோம்" என்று மூன்றாவது காரணம் அந்த விதியில் இல்லை. கெடு 30 நாள்.

கொங்குச்செல்வி:
சம்மன் சேரவில்லை என்றால் டிக்ரி பற்றித் தெரிய வந்த நாளில் இருந்து 30 நாள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார்.

வாய்தா_வாத்தியார்:
சொல்ல வந்தேன்.

தெற்குவீதி:
எக்ஸ்பார்ட்டிதான் சார். சம்மன் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. புரோநோட்டு வழக்கு, 2 லட்சம். டிக்ரி போன வருஷம். இ.பி. எல்லாம் எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு நோட்டீஸ் வந்தது, அதைப் பார்த்துப் பயந்துதான் பணமே கொடுத்தேன்.

பழைய_குமாஸ்தா:
தம்பி, அந்த "ஏதோ ஒரு நோட்டீஸ்"தான் இ.பி. மேலே ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பரோடு இ.பி. நம்பரும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பணம் எப்போது, எப்படிக் கொடுத்தீர்கள்? எழுதி வாங்கினீர்களா?

மழைக்காலம்:
அதை விடுங்கள், வட்டி எவ்வளவு போட்டான்? தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டிச் சட்டம் வந்துவிட்டது. திருப்பி அவன் மேல் புகார் கொடுங்கள்.

சும்மா_வந்தவன்:
ராசியாகிக் கையெழுத்துப் போட வருகிறவன் மேல் புகாரா? நல்ல யோசனை!

மழைக்காலம்:
வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைப்பவர்களை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

சும்மா_வந்தவன்:
அவர் வெற்றுத்தாள் என்று எங்கே சொன்னார்? உங்கள் கதையை அவர் தலையில் கட்டாதீர்கள்.

வாய்தா_வாத்தியார்:
இருவரும் வேறு எங்காவது போய் அடித்துக்கொள்ளுங்கள்.

தெற்குவீதி:
4 மாதம் ஆகிறது. ரொக்கம். எழுதி வாங்கவில்லை, தெரிந்தவர்தான். சிபிலில் ஏறுமா?

கொங்குச்செல்வி:
தனி ஆளிடம் வாங்கிய புரோநோட்டுக் கடன் சிபிலுக்குப் போகாது. பேங்க், நிதி நிறுவனங்கள் தரும் விவரம்தான் அங்கே இருக்கும். பேங்க் வக்கீல் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் (கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும்) உங்கள் பெயரைப் போட்டுத் தேடியிருப்பார்.

பழைய_குமாஸ்தா:
எழுத்தே இல்லாமல் ரொக்கமா! சரி, கேளுங்கள். வெளியே கொடுத்த பணம் ஆர்டர் 21 ரூல் 2 படி கோர்ட்டில் பதிவாக வேண்டும். பதிவாகாத பணத்தை இ.பி. கோர்ட் கணக்கில் எடுக்காது. நாளைக்கே அவர் மனம் மாறினால், அல்லது அவர் பிள்ளைகள் கேஸ் கட்டைத் தூசி தட்டினால், முழுத் தொகைக்கும் ஜப்தி வரலாம். டிக்ரியின் ஆயுள் 12 வருஷம். நீங்களாக மனு போட்டுப் பதிவு செய்யக் கெடு பணம் கொடுத்ததில் இருந்து 30 நாள், அது போய்விட்டது. ஆனால் டிக்ரி வாங்கியவரே வந்து "முழுவதும் வந்து சேர்ந்தது" என்று சொல்ல அந்தக் கெடு கிடையாது. அவர் நல்ல மனதோடு இருக்கும்போதே இ.பி.யில் முழுத் திருப்தி மெமோ போடச் சொல்லுங்கள். அவர் வக்கீலும் கையெழுத்துப் போடட்டும்.

ரத்து மனுவும் போடலாம், அவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனால் தாமதத்துக்குத் தனி மனு வேண்டும். டிக்ரி ரத்தானால் கடன் ரத்தாகாது தம்பி. வழக்கு அதே நம்பரில் மறுபடி உயிரோடு எழுந்து உட்காரும், அப்புறம் அவர் அதை வாபஸ் வாங்க வேண்டும். அடுத்த வாரத்துக்குள் நடக்கிற காரியமா?

வாய்தா_வாத்தியார்:
நானும் இதைத்தான் சொன்னேன்.

கொங்குச்செல்வி:
எங்கே?

தெற்குவீதி:
வேலை முடிந்தது. இ.பி.யில் மெமோ போட்டார்கள், முழுத் திருப்தி என்று பதிவாகி இ.பி.யை முடித்துவிட்டார்கள். 3 வாய்தா ஆனது. பேங்க் வக்கீலுக்கு அந்த உத்தரவின் சான்று நகலே போதுமாம், ரத்து எல்லாம் கேட்கவே இல்லை. நன்றி.

பழைய_குமாஸ்தா:
நல்லது தம்பி. நகல் இன்னொன்று வாங்கி வீட்டில் வையுங்கள்.

ஆலமரத்தடி:
எனக்கும் இதே பிரச்சினைதான். பணம் கொடுத்து 2 வருஷம் ஆகிறது, எழுதி வாங்கவில்லை. கடன் கொடுத்தவர் போன மாதம் இறந்துவிட்டார். இப்போது அவர் மகன் இ.பி. போட்டிருக்கிறார். மெமோவில் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

வாய்தா_வாத்தியார்:
எக்ஸ்பார்ட்டியா? டிக்ரி என்றைக்கு? பணம் பேங்க் மூலமா? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் எப்படி?