சோதனை ஆவணங்கள் எல்லாம் கடைசி நாளில் எழுதப்படுகின்றன: என்ன செய்வது?

கேள்வி:
இளநிலை மூன்றாம் ஆண்டுக்கு மென்பொருள் திட்ட மேலாண்மையும் தர உறுதிப்பாடும் நடத்துகிறேன். ஒரு பருவம் முழுக்க ஒரே குழுத் திட்டப்பணி. சோதனைத் திட்டம், கால அட்டவணை எல்லாமே மென்பொருளை முடித்த பிறகுதான் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் நேரே 'தேர்ச்சி' என்றிருக்கும். ஓட்டிப் பார்த்தால் முதல் திரையிலேயே நின்றுவிடும். வாராவாரம் சமர்ப்பிக்கச் சொன்னேன். படிவங்கள் அழகானதுதான் மிச்சம்.

பதில் 1:
ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் ஆவணங்களையும் வைக்கச் சொல்லுங்கள். எப்போது எழுதியது என்று தெரிந்துவிடும்.

பதில் 2:
கிட் காட்டும் தேதியை மாற்றி எழுத முடியும். அதை நம்பாதீர்கள். ஆவணத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் வரை ஆவணம்தான் வரும். பிழையைப் பிடிப்பதற்குக் கொடுங்கள்.

நான் ஒரு சிறு நிரலுக்குப் பல பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிழையைப் புதைத்துவைப்பேன். நிரல் என்ன செய்ய வேண்டும் என்ற தேவை விவரத்தை மட்டும் மாணவர்களிடம் கொடுப்பேன். அதை வைத்துச் சோதனைகளை எழுதித் தர வேண்டும். பிறகு அவற்றை வகுப்பிலேயே அந்தப் பிரதிகள்மீது ஓட்டுவோம். உதாரணமாக, '50 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் தேர்ச்சி' என்பது தேவை. நிரலில் '50-க்கு மேல்' என்று மட்டும் இருக்கும். 20, 90 என்று கொடுத்துப் பார்த்த குழுவுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். 50 கொடுத்த குழுவிடம்தான் பிழை சிக்கும். இப்படி வரம்பின் விளிம்பிலேயே சோதிக்கும் எல்லை மதிப்புச் சோதனை எதற்கு என்று அதன் பிறகு யாரும் கேட்பதில்லை.

பதில் 3:
'பழைய நிரலைத்தானே சேர்த்தோம், சோதிப்பானேன்' என்பவர்களுக்கு ஏரியான் 5 ராக்கெட்டைச் சொல்லுங்கள். 1996 ஜூன் 4 அன்று, முதல் பயணத்திலேயே, கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் சிதறியது. அதற்கு முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து எடுத்த மென்பொருள், 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்க முடியாமல் நின்றுபோனது. புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதையை வைத்து அதை யாரும் சோதித்திருக்கவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. கால அட்டவணைக்கும் இப்படி வழி உண்டா?

பதில் 2:
உண்டு. பருவத்தின் நடுவில் ஒரு தேவையை மாற்றுங்கள். மாற்றம் வரும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், எது என்று சொல்லாதீர்கள். எதைக் கைவிடுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று அவர்கள் முடிவெடுக்கும்போதுதான் அட்டவணைக்கு உயிர் வரும். ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பிட்ட நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். மதிப்பீடு பலித்ததற்கு மதிப்பெண் தராதீர்கள், எண்களைத் திருத்திவிடுவார்கள். ஏன் பிசகியது என்ற விளக்கத்துக்குத் தாருங்கள்.

புதைத்த பிழைகளை ஆண்டுதோறும் மாற்ற மறக்காதீர்கள். மூத்த மாணவர்களிடமிருந்து விடை கைமாறிவிடும்.